சூட்டு வலி என்றார்கள்

பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்ணுக்கு வயிறு வலித்தால் எங்கள் கரிசல் பக்கத்தில் யாரும் காரணம் தேடி அலைவதில்லை. மூன்றாம் மாதம் வலித்தால் மசக்கை. ஐந்தாம் மாதம் வலித்தால் சூடு. ஏழாம் மாதம் வலித்தால் பிள்ளை புரண்டு படுக்கிறது. ஒன்பதாம் மாதம் வலித்தால் பொய் வலி. அந்தப் பெண்ணின் உடம்புக்கென்று தனியாக ஒரு நோய் வரக்கூடும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. 2011 ஐப்பசியில் எனக்கு 22 வாரம். ஒருவருக்காவது அது தோன்றுவதற்குள் என் குடல்வால் வீங்கிச் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது.

அப்போது கோவில்பட்டியை அடுத்த ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். அன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் தொப்புளைச் சுற்றிப் பிசைய ஆரம்பித்தது. அத்தை விளக்கெண்ணெயை எடுத்து உச்சியிலும் தொப்புளிலும் வைத்தார்கள். சீரகத்தை வறுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். "பஸ்ஸுல போயிட்டு வந்த சூடு தாயி. ராத்திரிக்குள்ள கேட்டுரும்" என்றார்கள். குடித்தது சற்று நேரத்தில் வாந்தியாக வந்துவிட்டது. சோற்று வாடையே பிடிக்கவில்லை. எனக்கு மசக்கை நாலாம் மாதத்தோடு நின்று, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. போன மசக்கை திரும்பி வருவது வழக்கமில்லை. ஆனால் வீட்டில் எல்லோரும் அதையும் மசக்கை என்றே சொன்னார்கள்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அத்தை விளக்கெண்ணெயைத் தொப்புளில் வைத்தார்களே தவிர உள்ளுக்குக் கொடுக்கவில்லை. வயிறு சுத்தமாகட்டும் என்று பேதிக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதிக்குக் கொடுப்பதும் இனிமா கொடுப்பதும் அது வெடிப்பதற்கு வழி செய்துவிடலாம். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பேதி ஆகாது என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெரிதல் என்னைக் காத்தது.

விடியும்போது வலி இடம் மாறியிருந்தது. தொப்புளைச் சுற்றி ஒன்றுமில்லை. வலப்பக்கம் அடிவயிற்றில் ஒரே இடத்தில் நின்று குத்தியது. இந்த இடமாற்றம்தான் இந்த நோயின் கையெழுத்து என்பதைப் பின்னால்தான் படித்தேன். குடல்வால் உள்ளுக்குள் வீங்கும்போது அதன் நரம்புகளால் இடத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் மூளை அதைத் தொப்புள் வலியாக எடுத்துக்கொள்கிறது. வீக்கம் முற்றி, வயிற்றின் உட்சுவரில் இருக்கும் மெல்லிய சவ்வைத் தொடும்போதுதான் வலி தன் சொந்த இடத்துக்கு வருகிறது. இடம் மாறிய வலி என்றால் நோய் ஒரு படி முன்னேறிவிட்டது என்று பொருள்.

டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். சிறுநீர்ச் சோதனையில் சீழ் அணுக்கள் தெரிந்தன. நீர்த்தாரையில் கிருமி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும், அதனால் அந்த முடிவைப் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வீங்கிய குடல்வால் சிறுநீர்ப்பையையோ சிறுநீர்க்குழாயையோ ஒட்டிக் கிடந்தாலும் சிறுநீரில் சீழ் அணுக்கள் வரும். வயிற்றில் கைவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கலாம். பிள்ளையின் துடிப்பை மட்டும் கேட்டுவிட்டு, "குழந்தை நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்று அனுப்பினார்கள். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. நோய் எனக்கு.

அன்று இருட்டியதும் காய்ச்சல் கண்டது. வலக்காலை நீட்ட முடியவில்லை, மடக்கிக்கொண்டு கிடந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என் கணவர் எழுந்தார். அத்தை வாசலை மறித்து நின்றார்கள். "அங்கன போனா கிழிச்சிருவாக. பிள்ளை தங்காது." அத்தை அப்படிக் கத்தி நான் பார்த்ததேயில்லை. அதற்கு என்ன காரணம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அதையும் மீறிக் கிளம்பினோம். கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தவர் ஓர் இளம் டாக்டர். "வலி மொதல்ல எங்க வந்துச்சு? எப்ப எடம் மாறுச்சு? மொதல்ல வலியா, மொதல்ல வாந்தியா?" என்று கேட்டார். என் வலியைப் பற்றி என்னிடமே கேட்ட முதல் ஆள் அவர்தான். அதுவரை எல்லோரும் எனக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு இடப்பக்கம் அடிவயிற்றை மெதுவாக அழுத்தினார். வலப்பக்கம் சுருக்கென்றது. நான் துள்ளியதைப் பார்த்ததுமே போனை எடுத்து, திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பேசினார். 108 வந்தது.

அந்தப் பயணம் இன்னும் உடம்பில் இருக்கிறது. கயத்தாறு, கங்கைகொண்டான் என்று ஊர் வரும் இடமெல்லாம் வண்டி ஏறி இறங்கும்போது வலப்பக்கம் யாரோ பிடித்துக் கிழிப்பதாக இருந்தது. வேகத்தடை வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று ஓட்டுநரைக் கெஞ்சினேன். அடுத்த ஆண்டு, 2012-இல், இங்கிலாந்தில் இதையே ஓர் ஆய்வாகச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். வேகத்தடையைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்கு அந்தக் குலுக்கலில் வலி கூடியிருந்தது. அதைப் படித்தபோது என் வலிக்குச் சாட்சி கிடைத்ததைப் போன்ற நிம்மதி வந்தது.

ஆம்புலன்ஸில் இருந்த உதவியாளர் என்னை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்கு அணை கொடுத்திருந்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் மல்லாக்கப் படுக்காதே என்பார்கள், கொடி சுற்றிக்கொள்ளும் என்று காரணம் சொல்வார்கள். காரணம் வேறு. 20 வாரம் தாண்டிய கருப்பை, மல்லாந்து படுத்தால் முதுகெலும்பின் வலப்பக்கமாக ஓடும் பெருஞ்சிரையை அமுக்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, தாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கி, பிள்ளைக்குப் போவதும் குறையும். காரணம் தப்பாக இருந்தாலும் சொன்ன காரியம் சரி.

ஹைகிரவுண்டில் நடுநிசிக்கு மேல் ஸ்கேன் எடுத்தார்கள். குடல்களைக் கருப்பை மேலே தள்ளியிருந்ததால் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா ரொம்ப நேரம் தேடினார். கடைசியில் குழாய் போன்ற ஒன்று, அழுத்தினாலும் அமுங்காமல் நின்றது. குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகிக்க வேண்டுமாம். என்னுடையது 9. வெள்ளை அணுக்கள் 17 ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. ஆனால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். கர்ப்ப காலத்தில் நோயே இல்லாமல்கூட 16 ஆயிரம் வரை போவதுண்டு. வயிறு விறைப்பாக இருக்கும் என்ற அடையாளமும் இந்தக் காலத்தில் நம்ப முடியாதது. கருப்பை வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்திருப்பதால் உள்ளே நெருப்பு எரிந்தாலும் வெளியே வயிறு மெத்தென்று இருக்கும். ஒரு சாதாரண ஆளுக்கு இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் பல அடையாளங்களைக் கர்ப்பம் மங்கவைத்துவிடுகிறது. பிரசவத்தோடு சம்பந்தமில்லாமல் கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படும் அவசர அறுவைகளில் அதிகம் நடப்பது இதுதான் என்றாலும், பலருக்கு இது தாமதமாகவே தெரியவருகிறது.

கையெழுத்து வாங்கும் நேரம் வந்தது. அறுவைப் பிரிவின் டாக்டரம்மா, நரை விழுந்தவர், என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அத்தை அவர் காலில் விழப் போனார்கள். "பிள்ளையக் காப்பாத்திக் குடுங்கம்மா. கத்தி வைக்காம மருந்துல பாருங்க."

டாக்டரம்மா அத்தையைத் தூக்கி நிறுத்தினார். "நீங்க பிள்ளைக்காகத்தான் வேண்டாங்கிறீங்க. நான் பிள்ளைக்காகத்தான் பண்ணணுங்கிறேன். இதுல அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்னு கிடையாது. இது வெடிச்சுதுன்னா ரெண்டு பேருக்கும்தான் வெடிக்கும்."

பிறகு எனக்கும் என் கணவருக்கும் கணக்கைச் சொன்னார். குடல்வால் வெடிப்பதற்கு முன் எடுத்துவிட்டால் நூற்றில் இரண்டு மூன்று கர்ப்பங்கள் கலையக்கூடும். வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டால் நூற்றில் இருபதுக்கும் மேல், சில கணக்குகளில் முப்பத்தைந்து வரை. அப்புறம் தாயின் உயிருக்கே ஆபத்து. "இருபத்திரண்டு வாரத்துப் பிள்ளைய வெளியில வச்சுக் காப்பாத்துற வசதி எங்ககிட்ட கிடையாதும்மா. இப்ப அதுக்கு இருக்கிற ஒரே எடம் நீதான்" என்றார். ஒளிக்காமல் சொன்னதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். கணவர் கையெழுத்துப் போட்டதும் தாளை வாங்கி என் பக்கம் நீட்டினார். "நீயும் போடு. உன் வயிறு."

முதுகில் ஊசி போட்டார்கள். உட்கார்ந்து முன்னால் வளைய வேண்டும். ஆறாம் மாத வயிற்றை வைத்துக்கொண்டு, அந்த வலியில் வளைவது இருக்கிறதே, அன்றைக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது அதுதான். ஒரு நர்ஸ் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழ் மரத்ததும் வலது இடுப்புக்கு அடியில் திண்டு வைத்து, மேசையை இடப்பக்கம் சாய்த்தார்கள். பிள்ளையின் துடிப்பைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நான் விழித்தே இருந்தேன். மயக்க டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்து, எந்த ஊர், எத்தனையாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். ஏழாம் வகுப்பு அறிவியல் என்றேன். செரிமான மண்டலப் பாடம் நடத்தியாச்சா என்றார். அந்த வாரம்தான் நடத்தி முடித்திருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா கூட இருந்த பயிற்சி டாக்டர்களுக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். வழக்கமான இடத்துக்குச் சற்று மேலே, வலி அதிகமாக இருந்த புள்ளியில் திறந்ததாக. கருப்பையை இழுக்கவோ தள்ளவோ கூடாது, முடிந்தவரை தொடவே கூடாது என்பதாக. அந்தக் குரல் ஒருமுறைகூட உயரவில்லை. எடுத்ததை ஒரு தட்டில் வைத்து வெளியே என் கணவரிடம் காட்டியிருக்கிறார்கள். சுண்டுவிரல் நீளம், நன்றாக வீங்கி, நுனி கறுத்துப்போயிருந்ததாம். வெடிக்கவில்லை. தையல் போட்டதும் மறுபடி வயிற்றில் கருவியை வைத்தார்கள். துடிப்பு 140-ஐ ஒட்டி இருந்தது. நர்ஸ் சத்தத்தைக் கூட்டிவைத்தார். அதைக் கேட்டபிறகுதான் அழுதேன்.

அறுவை முடிந்தால் ஆபத்து முடிந்தது என்றில்லை. அன்று ராத்திரி வயிறு இறுகி இறுகி விட்டது. பணியில் இருந்த சிஸ்டர் வயிற்றில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டேயிருந்தார். கருப்பையைத் தளர்த்தும் மருந்தை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுப்பதில்லை, இறுக்கம் வந்தால்தான். எனக்குக் கொடுத்தார்கள். விடிவதற்குள் அடங்கியது. 24 வாரம் தாண்டியவர்களாக இருந்தால், ஒருவேளை முன்னதாகப் பிறந்துவிட்டாலும் பிள்ளை மூச்சுவிட உதவும் என்று நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள் என்று சிஸ்டர் சொன்னார். வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்தார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மறுநாளே எழுப்பி நடக்கவிட்டார்கள்.

அந்த ராத்திரியில்தான் அத்தை பேசினார்கள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருந்தார்கள், ஆனால் படுக்கவில்லை.

"எங்கக்கா ஒருத்தி இருந்தா தாயி. ஆறு மாசம். வயித்து வலின்னு கெடந்தா. சூடுன்னு சொன்னாக, சீரகத் தண்ணி குடுத்தாக. வலப்பக்கம் கையை வச்சிக்கிட்டே கெடந்தா, கையை எடுக்கவே இல்ல. காய்ச்சல் கொதிச்சுது. அப்புறம் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி, அங்கன வயித்தக் கிழிச்சாக. அதோட ரெண்டும் போச்சு. கத்தி வச்சதாலதான் போச்சுன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் சொன்னா. நானும் அதத்தான் நம்பிட்டேன்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வலப்பக்கந்தான் தாயி. ஒனக்கு வலிச்ச அதே எடம்" என்றார்கள்.

அந்தப் பெரியம்மாவுக்கு என்ன நோய் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. காகிதம் எதுவும் இல்லை, பார்த்தவர்களில் அத்தையைத் தவிர யாரும் இல்லை. ஆனால் கத்தி கடைசியில் வந்தது என்பதையும், அதற்கு முன்னால் நாட்கள் போயிருந்தன என்பதையும் அத்தை தன் வாயாலேயே சொன்னார்கள். பல வீடுகளில் அறுவை மேல் உள்ள பயம் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். காத்திருந்து காத்திருந்து, எல்லாம் கைமீறிய பிறகு கொண்டுபோகிறோம். அதன் பிறகு நடக்கும் சாவுக்குக் கடைசியாகத் தொட்டவர் மேல் பழி விழுகிறது. அடுத்த தலைமுறை இன்னும் அதிகமாகக் காத்திருக்கிறது.

உடம்பு தேறியபிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கர்ப்பத்தோடு வரும் குடல்வால் அழற்சியில் சாவு என்பது தாமதத்தால் வரும் சாவுதான் என்று பாப்ளர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1908-லேயே எழுதியிருக்கிறார். 1932-இல் பேயர் என்பவரும் கூட்டாளிகளும் கர்ப்பிணிகளுக்குப் பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்து, மாதம் ஏற ஏறக் குடல்வால் மேல்நோக்கிப் போகிறது என்று காட்டினார்கள். வயிற்றுப் பிள்ளையோடு எக்ஸ்ரே எடுப்பதை இன்று நினைத்தால் பதறுகிறது. அதன்பிறகு பல காலம், கர்ப்பிணிக்கு வலி மேலேதான் வரும் என்று நம்பியிருக்கிறார்கள். பிந்தைய ஆய்வுகளோ, எந்த மாதமானாலும் பெரும்பாலோருக்கு வலி வலப்பக்க அடிவயிற்றில்தான் என்கின்றன. எனக்கும் அப்படித்தான்.

அவசரப்பட்டுத் திறப்பதும் நல்லதல்ல என்பதையும் படித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. கலிபோர்னியாவில் இந்த அறுவை செய்துகொண்ட 3,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். குடல்வால் சாதாரணமாக வீங்கியிருந்தவர்களில் நூற்றுக்கு 2 கர்ப்பங்கள் கலைந்தன. வெடித்தோ சிக்கலாகியோ இருந்தவர்களில் 6. திறந்து பார்த்துக் குடல்வால் நன்றாகவே இருந்தவர்களில் 4. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்தபோதுதான், ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா அவ்வளவு நேரம் பொறுமையாகத் தேடியது ஏன் என்று எனக்குப் புரிந்தது. இப்போது ஸ்கேனில் தெளிவில்லை என்றால், கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். அறுவையும் பெரும்பாலும், வயிற்றில் காற்றை நிரப்பிச் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி. அந்த வழியில் முதன்முதலில், 1980-இல், குடல்வாலை எடுத்துக் காட்டிய குர்ட் செம் என்ற ஜெர்மானியர் ஒரு மகப்பேறு மருத்துவர்தான். கருப்பையின் உயரம் பார்த்துத் துளைகளின் இடத்தை மாற்றி, காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, எந்த மாதத்திலும் செய்ய முடிகிறது. கர்ப்பம் இல்லாதவர்களில் சிலருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்க்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அறுவையே முதல் வழி.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. தையல் பிரிந்துவிடும், சிசேரியன்தான் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அந்தத் தழும்பால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை என்று டாக்டரம்மா முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். நிறைமாதத்தில் மகள் பிறந்தாள், 2 கிலோ 900 கிராம், சுகப்பிரசவம். அத்தைதான் முதலில் வாங்கினார்கள். சேனை வைக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசவில்லை.

சில வருஷங்களுக்கு முன் பக்கத்து வீட்டு மருமகளுக்கு எட்டாம் மாதம். வலப்பக்கம் வலிக்கிறது என்று கேள்விப்பட்டதும் அத்தை, அவர்களுக்கு எழுபதைத் தாண்டிய வயது, அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் விளக்கெண்ணெயை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். "அத வையி. ஆட்டோவக் கூப்பிடு" என்று சத்தம் போட்டு, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வலி முதலில் எங்கே வந்தது, எப்போது இடம் மாறியது என்று வழியெல்லாம் அந்தப் பெண்ணைக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். குடல்வால் இல்லை, சிறுநீரகத்தில் கல் என்று ஸ்கேனில் தெரிந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, மருந்து கொடுத்து அனுப்பினார்கள். வீணாக அலைந்ததாக அந்தப் பெண்ணின் மாமியார் குறைப்பட்டுக்கொண்டபோது அத்தை சொன்னார்கள்: "என்னன்னு தெரிஞ்சிக்கிட்டு வந்தோம்ல. அதுக்குத்தான் போனது."